கூம்ப்ஸ் போட்டாச்சா?

ரத்த வங்கியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் 'கூம்ப்ஸ்' டெஸ்ட்டை 'காம்ப்' டெஸ்ட் என்றுதான் நினைத்திருந்தேன். சீப்பு. ஈருளி போட்டுத் தலையை வாரினால் ஒளிந்திருக்கிற பேன் வந்து விழுகிற மாதிரி, சீரத்துக்குள், அதாவது ரத்தம் உறைந்தபின் தெளிந்து நிற்கிற நீருக்குள், ஒளிந்திருக்கிற ஆன்டிபாடியை, வேற்றாளை எதிர்க்க உடம்பு தயாரிக்கிற பொருளை, வாரி எடுக்கிற டெஸ்ட் என்று எனக்கு நானே விளக்கமும் வைத்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை, நல்லவேளை. சில மாதங்கள் கழித்து ரீஏஜென்ட் பாட்டிலின் லேபிளை எழுத்துக் கூட்டிப் படித்தபோதுதான் அது சீப்பு இல்லை, யாரோ ஒருவருடைய பெயர் என்று புரிந்தது. யார் என்று கேட்கத் தோன்றவில்லை. பெட்ரி தட்டு என்கிறோம், பெட்ரி யார் என்றா கேட்கிறோம்?

முப்பத்து மூன்று வருடம் ரத்த வங்கியில் டெக்னீஷியன் வேலை. 1986-இல் சேர்ந்தேன், 2019-இல் ஓய்வு. இதில் ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது அந்தப் பெயரைச் சொல்லியிருப்பேன். "கூம்ப்ஸ் போட்டாச்சா?" "கூம்ப்ஸ் பாசிட்டிவ் சார்." "கூம்ப்ஸ் தீர்ந்துபோச்சு, இன்டென்ட் போடணும்." சாமி பெயரைக்கூட அத்தனை தடவை சொல்லியிருக்க மாட்டேன்.

2006 பிப்ரவரியில் மதுரையில் ரத்த வங்கி ஊழியர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு. மத்தியானச் சாப்பாடு முடிந்து பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்த நேரம். வகுப்பெடுத்த டாக்டரம்மா கூம்ப்ஸ் என்று ஆரம்பித்துவிட்டு, "இந்த டெஸ்ட்டைக் கண்டுபிடிச்சவர் போன மாசம்தான் காலமானார், எண்பத்தஞ்சு வயசு" என்றார். எனக்குத் தூக்கம் போய்விட்டது. அந்த மனுஷன் இத்தனை நாள் உயிரோடு இருந்தாரா? ரத்த குரூப்பைக் கண்டுபிடித்த லேண்ட்ஸ்டெய்னர் மாதிரி, பாஸ்டர் மாதிரி, படத்துக்கு மாலை போட்ட ஆள் என்றல்லவா நினைத்திருந்தேன். நான் ராத்திரி டியூட்டியில் கண் எரிய டியூப் ஆட்டிக்கொண்டிருந்த நேரத்திலெல்லாம் அவர் கேம்பிரிட்ஜில் டீ குடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். என்ன எழுதியிருப்பேன் என்று தெரியாது, ஆனாலும் எழுதியிருக்கலாம்.

அதற்கப்புறம்தான் அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடித் தேடிப் படித்தேன்.

முதலில் டெஸ்ட்டைச் சொல்லிவிடுகிறேன். ஏ குரூப் ரத்தத்தை பி குரூப் சீரத்தில் போட்டால் கண் முன்னே கட்டி கட்டியாகச் சேர்ந்துவிடும். அந்த ஆன்டிபாடிகள் பெரும்பாலும் ஐ.ஜி.எம். வகை. உருவத்தில் பெரியவை, ஒவ்வொன்றுக்கும் பத்துக் கை. ஆனால் ஆர்.எச். நெகட்டிவ், அதாவது சிவப்பணுமேல் 'டி' என்கிற அடையாளம் இல்லாத தாயின் உடம்பில், பாசிட்டிவ் குழந்தையின் ரத்தத்துக்கு எதிராக உண்டாகிற ஆன்டிபாடி ஐ.ஜி.ஜி. வகை. சின்னது, இரண்டே கை. சிவப்பணுக்களுக்கோ வெளிப்புறம் எதிர்மின்னூட்டம், ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விலகித்தான் நிற்கும். பஸ்ஸில் குள்ளமான ஆள் ஒரு கம்பியைப் பிடித்துவிட்டு அடுத்த கம்பியை எட்டமுடியாமல் தொங்குவது போல, இந்த ஐ.ஜி.ஜி. ஒரு அணுவைப் பிடித்துக்கொள்ளும், பக்கத்து அணுவை எட்டாது. அதனால் கட்டி சேராது. டியூப்பைப் பார்த்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். ஆனால் தாயின் வயிற்றுக்குள் அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய் அதன் ரத்தத்தை அழிக்கும்.

இப்படி ஒட்டிக்கொண்டும் காட்டிக்கொடுக்காத ஆன்டிபாடி ஒன்று உண்டு என்று 1944-இல் இரண்டு பேர் தனித்தனியே சொன்னார்கள். நியூயார்க்கில் வீனர், கேம்பிரிட்ஜில் ராப் ரேஸ். இருப்பது தெரிந்துவிட்டது. கண்ணால் பார்ப்பது எப்படி?

அந்த நேரத்தில் கேம்பிரிட்ஜுக்கு வந்து சேர்ந்தவர்தான் ராபின் கூம்ப்ஸ். 1921-இல் லண்டனில் பிறந்து, தென்னாப்பிரிக்காவில் வளர்ந்தவர். எடின்பரோவில் படித்தது என்ன தெரியுமா? கால்நடை மருத்துவம். நம்ம ஊரில் ஊசி சரியாகப் போடத் தெரியாத டாக்டரை "மாட்டு டாக்டர்" என்று திட்டுவோமே, அதே மாட்டு டாக்டர். கேம்பிரிட்ஜுக்கு வருமுன் வெய்பிரிட்ஜில் உள்ள கால்நடை ஆய்வுக்கூடத்தில் குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் நோயைக் கண்டுபிடிக்கிற ரத்தப் பரிசோதனையில் வேலை பார்த்திருக்கிறார். இதைப் படித்த அன்றைக்கு எங்கள் மெடிக்கல் ஆபீசரிடம் போய், "சார், நம்ம கூம்ப்ஸ் வெட்னரி சார்" என்றேன். அவர் நம்பவில்லை.

1945, போர்க்காலம். லண்டனிலிருந்து கேம்பிரிட்ஜுக்கு ராத்திரி ரயில். குண்டுவீச்சுக்குப் பயந்து விளக்கெல்லாம் மங்கலாக வைத்திருந்த பெட்டி, படிக்கவும் முடியாது. சும்மா உட்கார்ந்து, எர்லிக் என்கிற ஜெர்மன் விஞ்ஞானி அந்தக் காலத்தில் வரைந்த ஆன்டிபாடிப் படங்களை நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார். அப்போது சிவப்பணுமேல் ஒட்டியிருக்கிற ஆன்டிபாடி அவர் மனக்கண்ணில் தெரிந்திருக்கிறது. ஆன்டிபாடி என்பது குளோபுலின் என்கிற புரதம்தானே, அந்த மனிதக் குளோபுலினையே எதிர்க்கிற ஓர் ஆன்டிபாடியைக் கொண்டுவந்து விட்டால்? பக்கத்துப் பக்கத்து அணுக்களில் ஒட்டியிருக்கிற குள்ளன்களை அது சேர்த்துப் பிடித்துக் கட்டிவிடுமே. முயலுக்கு மனிதக் குளோபுலினை ஊசியாகப் போட்டால் முயலின் ரத்தம் அந்த எதிர்ப்பைத் தயாரித்துக் கொடுத்துவிடும். விலங்கு மருத்துவம் படித்த ஆளுக்கு முயல் ஒரு பிரச்சினையா!

கூம்ப்ஸ், ஆர்தர் மோரண்ட், ராப் ரேஸ் மூன்று பேர் பெயரிலும் 1945 ஜூலையில் லான்செட் என்கிற மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. கூம்ப்ஸுக்கு அப்போது இருபத்து நாலு வயது. டாக்டர் பட்டம்கூட 1947-இல்தான் வாங்கினார். இருபத்து நாலு வயதில் நான் டைபாய்டுக்கு வைடால் டெஸ்ட் போடவே தடுமாறிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதே தத்துவத்தை 1908-லேயே கார்லோ மொரெஸ்கி என்ற இத்தாலியர் எழுதி வைத்திருக்கிறார். யாரும் கவனிக்காமல் அது புதைந்து கிடந்தது. பிறகு தெரியவந்தபோது கூம்ப்ஸ் குழுவினர் அதை மறைக்கவில்லை, அவர் முன்பே சொல்லிவிட்டார் என்று ஒத்துக்கொண்டார்கள். ஆனால் பெயர் கூம்ப்ஸுக்கே நின்றுவிட்டது. மொரெஸ்கி போட்டாச்சா என்று யாரும் கேட்பதில்லை, பாவம்.

இனி கழுவல். கூம்ப்ஸ் டெஸ்ட்டின் உயிரே அதில்தான் இருக்கிறது.

நோயாளியின் சீரத்தையும் சிவப்பணுக்களையும் சேர்த்து 37 டிகிரியில் வைப்போம். ஆன்டிபாடி இருந்தால் அணுமேல் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் டியூப் நிறைய சலைன் ஊற்றி, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே நிற்பதைக் கொட்டி, மறுபடி சலைன் ஊற்றி, மறுபடி சுற்றி, குறைந்தது மூன்று தடவை கழுவ வேண்டும். கடைசிக் கழுவலில் சொட்டுச் சலைன் நிற்கக்கூடாது, டியூப்பைக் கவிழ்த்து ஒரு உதறு உதறி, வாயை டிஷ்யூவில் ஒற்றி எடுக்க வேண்டும். பிறகுதான் பச்சை நிற ஆன்டி குளோபுலின் பாட்டிலிலிருந்து இரண்டு சொட்டு.

ஏன் இத்தனை பாடு? சீரத்தில் எதற்கும் ஒட்டாத சும்மா குளோபுலின் ஏராளமாக மிதக்கிறது. ஒரு மில்லியில் சுமார் பத்து மில்லிகிராம் ஐ.ஜி.ஜி. மட்டுமே இருக்கும். ஆனால் அணு ஒவ்வொன்றின்மேலும் சில நூறு ஐ.ஜி.ஜி. மூலக்கூறுகள் ஒட்டியிருந்தாலே டெஸ்ட் பாசிட்டிவ் காட்டிவிடும். அந்தச் சில நூறைத் தேடிவந்த பச்சை மருந்து, கழுவாமல் விட்ட குளோபுலின் கூட்டத்தில் மாட்டிக்கொண்டால் அங்கேயே தீர்ந்துபோய்விடும். கல்யாண வீட்டு வாசலில் சந்தனம் முழுவதையும் வழிப்போக்கர்கள் பூசிக்கொண்டு போய்விட்ட மாதிரி. உள்ளே இருக்கிற பெண் வீட்டாருக்கு ஒன்றும் மிஞ்சாது. டியூப்பில் கட்டி சேராது. நாம் 'நெகட்டிவ்' என்று எழுதிவிடுவோம்.

எழுதியிருக்கிறேன்.

1988, ராத்திரி டியூட்டி. எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். பாபநாசம் பக்கத்திலிருந்து ஒரு கர்ப்பிணி, நாலாவது பிரசவம், ஆர்.எச். நெகட்டிவ். லேபர் வார்டிலிருந்து ஆள் மேல் ஆள் வந்து நிற்கிறார்கள். கரண்ட் வேறு போய்ப் போய் வருகிறது. சுற்றிக்கொண்டிருந்த சென்ட்ரிஃபியூஜ் நடுவில் நின்றுவிட, மேசை ஓரத்தில் பொருத்தியிருந்த பழைய கைச் சுற்று மெஷினில் போட்டு நானே சுற்றினேன். எத்தனை தடவை கழுவினேன் என்று கணக்குத் தவறிவிட்டது. இரண்டா, ஒன்றரையா, அந்தக் கடவுளுக்குத்தான் வெளிச்சம். பச்சைச் சொட்டு விட்டேன், சுற்றினேன், லைட்டுக்கு நேரே பிடித்து ஆட்டினேன். வழவழவென்று கரைந்தது. ஐ.சி.டி., அதாவது சீரத்தில் பார்க்கிற கூம்ப்ஸ், நெகட்டிவ். ரிஜிஸ்டரில் நீல மையில் எழுதியும் ஆயிற்று.

விடியற்காலை எங்கள் சீனியர் அக்கா வந்தார்கள். கண்டிப்பு என்றால் அப்படி ஒரு கண்டிப்பு. வந்ததும் ரிஜிஸ்டரைத்தான் பார்ப்பார்கள், நம் முகத்தை அப்புறம்தான்.

"ஏட்டி, கண்ட்ரோல் செல் விட்டியா?"

விடவில்லை. நெகட்டிவ் வந்தால், ஏற்கெனவே ஐ.ஜி.ஜி. ஒட்டவைத்த ஓ பாசிட்டிவ் அணுக்களை அதே டியூப்பில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். பச்சை மருந்து உள்ளே உயிரோடு இருந்தால் அது கட்டாயம் கட்டி சேரும். சேராவிட்டால் நம் நெகட்டிவ் செல்லாது. ஃபிரிட்ஜில் நாங்களே தயாரித்து வைத்த கண்ட்ரோல் செல் இருந்தது. அவசரத்தில் விட்டுவிட்டேன். அக்கா எதுவும் பேசாமல் டியூப்பை எடுத்து ஒரு சொட்டு விட்டு, சுற்றி, என் கையில் கொடுத்தார்கள்.

வழவழவென்று கரைந்தது.

"இத நெகட்டிவ்னு எழுதி வச்சிருக்கியே. மருந்து செத்துக் கெடக்கு உள்ள. செத்தவன்கிட்ட சாட்சி கேக்கியா நீ?"

அழுதுகொண்டே மறுபடி போட்டேன். அக்கா பக்கத்தில் நின்று விரல் விட்டு எண்ணினார்கள். ஒண்ணு. ரெண்டு. மூணு. டியூப்பை ஆட்டினதும் அடியில் இருந்து மணல் மணலாகக் கிளம்பியது. நாலு பிளஸ் வரை போகிற அளவில் இரண்டு பிளஸ் பாசிட்டிவ். குழந்தை பிறந்ததும் ரத்தம் மாற்றினார்கள், பிழைத்துக்கொண்டது. நீல மையில் எழுதியதைச் சிவப்பு மையில் அடித்துக் கையெழுத்துப் போட வைத்தார்கள் அக்கா. அந்தப் பக்கத்தை நான் மறக்கவே இல்லை.

கூம்ப்ஸின் டெஸ்ட்டில் இரண்டு வகை. மேலே சொன்னது மறைமுகம், ஐ.சி.டி., ஆன்டிபாடி சீரத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது. இன்னொன்று நேரடி, டி.சி.டி. உடம்புக்குள்ளேயே ஆன்டிபாடி ஒட்டிக்கொண்டுவிட்ட அணுக்களை எடுத்துக் கழுவி நேரே பச்சை மருந்து விடுவது. 1946-இல் பிறந்த குழந்தைகளின் ரத்தத்தில் இதைச் செய்து காட்டினார்கள். அதே வருடம் இந்த டெஸ்ட்டால் கெல் என்று ஒரு புது ரத்தப் பிரிவே கிடைத்தது. நோயுள்ள குழந்தை ஒன்றைப் பெற்ற தாயின் குடும்பப் பெயரிலிருந்து எடுத்த பெயர் அது. பின்னால் டஃபி, கிட் என்று வரிசையாக வந்ததற்கும் இதே டெஸ்ட்தான் கதவு திறந்துவிட்டது. அதற்கு முன்பெல்லாம் இவை கண்ணுக்கே தட்டுப்படாதவை.

எனக்கு டி.சி.டி.மேல் தனிப் பிரியம். காரணம் மேலப்பாளையத்து பீடி சுற்றுகிற அக்கா ஒருவர். ஹீமோகுளோபின் நாலு கிராம். கண் மஞ்சள். ஏற்றப்போகிற ரத்தம் ஒத்துப்போகுமா என்று பார்க்கிற கிராஸ் மேட்ச் போட்டால் எந்தப் பாட்டிலும் சேரவில்லை. எட்டுப் பாட்டில் போட்டேன், எட்டும் சேரவில்லை. வீட்டுக்காரர் கவுண்டரில் நின்று, "எம்மா, எம் பொஞ்சாதி ரத்தம் அப்படி என்ன ஒசத்தி ரத்தம்?" என்று கேட்டார். டி.சி.டி. போட்டேன், நாலு பிளஸ். ஒரே கட்டி, ஆட்டினாலும் உடையாது. அவருடைய உடம்பே அவருடைய ரத்தத்தை வேற்றாள் என்று நினைத்து அழித்துக்கொண்டிருந்தது. இந்த வகைச் சோகையையும் பிறவியிலேயே வருவதையும் இந்த டெஸ்ட்டால் பிரித்துக் காட்டலாம் என்று 1946-லேயே போர்மன், டாட், லூட்டிட் என்ற மூன்று பேர் இங்கிலாந்தில் காட்டியிருந்தார்கள். ஸ்டீராய்டு ஆரம்பித்து, இருப்பதில் கொஞ்சம் குறைவாக முறைத்த பாட்டிலைச் சொட்டுச் சொட்டாக ஏற்றி, பிழைக்க வைத்தார்கள். மூன்று மாதம் கழித்து பிரியாணி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

கூம்ப்ஸின் பிற்கால வாழ்க்கையைப் படித்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. அவருக்கு ரத்தத்தில் ஈடுபாடு என்பதைவிட, ரத்த அணுவைக் கருவியாக வைத்து வேறு எதையெல்லாம் கண்ணுக்குக் காட்டலாம் என்பதில்தான் ஈடுபாடு. கடவுள் சிவப்பணுவைப் படைத்ததே நோய் எதிர்ப்பு ஆராய்ச்சிக்காரர்களின் கருவியாகத்தான், ஹீமோகுளோபின் சுமப்பது இரண்டாவது வேலை என்று வேடிக்கையாகச் சொல்வாராம். ஒரு சிவப்பணுவுக்குள் இருபத்தேழு கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறு இருக்கிறது. அத்தனையையும் ஓரம் தள்ளிவிட்டுப் பேசியிருக்கிறார், ஆள் பலே ஆள். 1970-இல் செம்மறியாட்டுச் சிவப்பணுக்கள் லிம்போசைட் என்கிற மனித வெள்ளையணுவைச் சுற்றிப் பூ மாதிரி ஒட்டிக்கொள்வதை அவர் குழு எழுதியது. அந்த வெள்ளையணுக்களில் ஒரு வகையான டி செல்களை எண்ணுவதற்கு அப்புறம் பல வருடம் அந்தப் பூவைத்தான் எண்ணினார்கள். ஆட்டு ரத்தத்தை வைத்து மனித எதிர்ப்புச் சக்தியை எண்ணுவது! மாட்டு டாக்டர் புத்தி எங்கே போகும்?

பிலிப் ஜெல் என்பவரோடு சேர்ந்து 1963-இல் கொண்டுவந்த புத்தகத்தில் அலர்ஜி வகையறாக்களை நாலாகப் பிரித்தார். எம்.பி.பி.எஸ். பிள்ளைகள் இன்றைக்கும் மனப்பாடம் செய்வது அந்த நாலு வகையைத்தான். இறால் சாப்பிட்டதும் தடிப்பது முதல் வகை. பீடி சுற்றுகிற அக்காவுக்கு வந்தது இரண்டாவது. காசநோய்க்குக் கையில் போடுகிற மான்டூ ஊசி இரண்டு நாள் கழித்து வீங்குவது நாலாவது. மூன்றாவதை விளக்க ஆரம்பித்தால் நீங்கள் இந்தப் பக்கத்தை மூடிவிடுவீர்கள். 1956-இல் பிரிட்டனில் இம்யூனாலஜி என்கிற நோய் எதிர்ப்பு ஆராய்ச்சிக்கு ஒரு சங்கம் தொடங்கிய நாலு பேரில் இவரும் ஒருவர். 1965-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1966-இலிருந்து 1988 வரை கேம்பிரிட்ஜில் 'குயிக்' என்ற பெயர்கொண்ட பேராசிரியர் பதவி. பதவிகளைப் பற்றி இதற்குமேல் சொல்ல எனக்கு ஆர்வமில்லை.

சறுக்கலும் உண்டு. தொட்டிலில் தூங்கப்போட்ட குழந்தை காரணமே தெரியாமல் இறந்துபோவதற்கு, பசும்பால் ஒவ்வாமை காரணமாக இருக்கலாம் என்று 1960-இல் இன்னும் சிலரோடு சேர்ந்து லான்செட்டில் எழுதினார். பொதுவான விளக்கமாக அது நிற்கவில்லை. குழந்தையைக் குப்புறப் போடாமல் மல்லாக்கப் படுக்கவைத்தாலே அந்தச் சாவுகள் பெருமளவு குறைகின்றன என்று பின்னால் தெரிந்தது. பெரிய மூளைக்காரர்களும் கண்ட்ரோல் செல் விட மறப்பதுண்டு என்று என் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான்.

ஆர்.எச். பிரச்சினைக்கு மருந்தும் வந்தது. லிவர்பூலில் ஃபின், கிளார்க் குழுவும், நியூயார்க்கில் ஃப்ரெடா, கோர்மன், போலாக் குழுவும் தனித்தனியே கண்டுபிடித்த ஆன்டி-டி ஊசி 1968-இல் விற்பனைக்கு அனுமதி பெற்றது. பிரசவமான 72 மணி நேரத்துக்குள் போட்டுவிட்டால், தாயின் உடம்பில் கலந்த குழந்தையின் அணுக்களை, தாய் எதிர்ப்பு உண்டாக்குமுன் அது துடைத்துவிடும். எங்கள் பக்கம் அதைக் கம்மலை அடகுவைத்து வாங்கினவர்களைப் பார்த்திருக்கிறேன். நம் ஊரில் நூற்றில் ஐந்தாறு பேர்தான் நெகட்டிவ், ஐரோப்பாவில் பதினைந்து பேர் வரை. குறைவு என்பதாலேயே இங்கே ரொம்ப நாள் யாரும் பொருட்படுத்தவில்லை என்று எனக்கு ஒரு ஆதங்கம்.

இதையெல்லாம் எழுத உட்கார்ந்ததே என் சித்தியை நினைத்துத்தான்.

அம்மாவின் தங்கை. சேரன்மாதேவி பக்கம் வாக்கப்பட்டவள். முதல் பையன் 1959-இல், நல்லபடியாகப் பிறந்தான். 1961-இல் இரண்டாவது, பெண். பிறந்த அன்றைக்கே மஞ்சள், மூன்றாம் நாள் உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு இறந்துபோனது. 1963-இல் மூன்றாவது, உடம்பெல்லாம் வீங்கிப் பிணமாகவே பிறந்தது. சாஸ்தாவுக்குப் பொங்கல் வைத்தார்கள், சுடலைக்குக் கிடா வெட்டினார்கள், ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். அவள் நாத்தனார் இவளைப் 'புள்ளமுழுங்கி' என்று சொன்னாள். ஒரு தடவை இல்லை, வருடக் கணக்காக. நல்ல காரியங்களில் ஆரத்தித் தட்டைத் தொடவிட மாட்டாள். நாலாவது பிள்ளை வேண்டாம் என்று சித்தியே முடிவு செய்தாள். சித்தப்பாவும் ஒன்றும் சொல்லவில்லை, நல்ல மனுஷன்.

1961 என்றால், கூம்ப்ஸ் டெஸ்ட் வந்து பதினாறு வருடம். சேரன்மாதேவிக்கு வரவில்லை.

1992-இல் கர்ப்பப்பைக் கட்டி ஆபரேஷனுக்காகச் சித்தி எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். குரூப் நான்தான் பார்த்தேன். பி நெகட்டிவ். என் கை கொஞ்சம் நின்றது. சித்தப்பாவுக்கு பி பாசிட்டிவ் என்று அவருடைய பழைய ஆபரேஷன் சீட்டில் பார்த்திருக்கிறேன். ஐ.சி.டி. போட்டேன். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று வாய்விட்டு எண்ணித்தான் கழுவினேன். பச்சைச் சொட்டு. சுற்றி எடுத்து ஆட்டினேன்.

கட்டி கட்டியாக வந்தது. கடைசிப் பிள்ளையைப் புதைத்து இருபத்தொன்பது வருடம் ஆகியும் அந்த ஆன்டிபாடி அவள் ரத்தத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தது. மூன்று பிளஸ்.

டியூப்பை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன். போகக்கூடாது, விதியில் இடம் கிடையாது. ஆனாலும் போனேன். சித்தி கட்டிலில் சாய்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் டியூப்பைக் காட்டி, உங்கள் இரண்டு பேர் ரத்தமும் சேராத ரத்தம், பிள்ளையின் ரத்தத்தை உங்கள் ரத்தம் அழித்துவிட்டது, இதில் உங்கள் தப்பும் இல்லை, சாமி குத்தமும் இல்லை என்று எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன். டியூப்பை வாங்கி ஆட்டிப் பார்த்தாள். உள்ளே மணல் மாதிரி அது கிளம்பி மறுபடி படிந்தது. ஒரு தடவை, இன்னொரு தடவை ஆட்டினாள்.

"இத எப்ப கண்டுபிடிச்சானுவ?"

"1945-ல, சித்தி."

டியூப்பை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டாள்.

"எங்க நாத்தனா செத்து நாலு வருசமாச்சு ஏட்டி. இப்ப வந்து சொல்லுத."